கலயத்தில் பூசிய சுண்ணாம்பு

அக்கானி என்னும் பதநீரைக் குடிப்பதற்கு முன்னால் ஒரு கணம் பார்க்க வேண்டும். ஓலைப்பட்டையில் ஊற்றியதும் அது முழுக்கத் தெளிந்தும் இருக்காது, முழுக்கக் கலங்கியும் இருக்காது. இரண்டாம் முறை அரிசி களைந்த தண்ணீரின் நிறம். அடியில் இருக்கும் ஓலையின் பச்சை அதன் வழியாக ஏறி வந்து, ஓரங்களில் லேசான மஞ்சள் காட்டும். ஊற்றிய வேகத்தில் எழுந்த நுரை பட்டையின் மடிப்பில் ஒதுங்கும். அந்த நுரையைக் கவனித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒதுங்கிய குமிழிகள் அங்கேயே இருந்து ஒவ்வொன்றாக உடைந்து அடங்கினால், இது இன்று காலை இறங்கியது. அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் விடாமல் ஏறி வந்துகொண்டே இருந்தால், உள்ளே வேறு வேலை தொடங்கிவிட்டது என்று பொருள். இனிப்பு சாராயமாக மாறும் வேலை அது. நாக்கு அதைச் சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிடும்.

கொட்டாரத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாஞ்சில் நாட்டு வயல்கள் தெற்கே வரவர ஒடுங்கி, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பனைவிளைகள் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது ஊர். ஒரு பக்கம் மருந்துவாழ்மலை. தெற்கே சில கிலோமீட்டர் போனால் குமரிக்கடல். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் சாலையில், வெயில் ஏறும் மாதங்களில், புளியமரத்தடியிலோ ஓலைப் பந்தலின் கீழோ ஒரு பானையும் நாலைந்து பட்டைகளும் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுலாப் பேருந்துகள் நிற்காமல் கடந்து போகும். சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் பனையிலிருந்து என்ன இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அறியாமல் போவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

குடிக்கும் முறை இருக்கிறது. முதல் வாயை விழுங்கக் கூடாது. நாக்கை நனைத்து, ஒரு நொடி நிறுத்தி, மூக்கால் மூச்சை வெளியே விட வேண்டும். அப்போதுதான் வாசம் மேலே ஏறும். முதலில் வருவது இளநுங்கைச் சீவியதும் எழும் பச்சை மணம். அதன் பின்னால் வெயிலில் காய்ந்த மண்கலயத்தின் மணம். மூன்றாவதாக, இருக்கிறதா இல்லையா என்ற அளவில், நனைந்த சுண்ணாம்பின் மணம். புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழையும்போது வருகிற அதே மணம்தான், ஆனால் நூறில் ஒரு பங்கு.

சுவை வேறு வரிசையில் வரும். நுனிநாக்கில் இனிப்பு. அக்கானியில் 100-க்கு 10 முதல் 13 பங்கு வரை சர்க்கரை இருக்கும், பெரும்பாலும் சுக்ரோஸ். கரும்புச்சாற்றில் இருப்பதைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் குறைவுதான் இதன் அழகு. கரும்புச்சாறு இரண்டாம் தம்ளரில் திகட்டும். அக்கானி திகட்டுவதற்கு முன்னால் நாக்கின் இரு ஓரங்களிலும் ஒரு வழவழப்பு வந்து இனிப்பைப் பிடித்து நிறுத்தும். அது சுண்ணாம்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் மெல்லிய உவர்ப்பு, அதைத் தொடர்ந்து மறுபடியும் ஓர் இனிப்பு. முதலில் வந்த இனிப்பு நாக்கில் பட்டதும் தெரிந்தது. இரண்டாவது இனிப்பு, தானாகத் தேடி வந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போவது. நல்ல அக்கானிக்கும் சுமாரான அக்கானிக்கும் உள்ள வேறுபாட்டை நான் இந்த இரண்டாவது இனிப்பில்தான் பார்க்கிறேன். சுண்ணாம்பு கூடினால் அது வரவே வராது. தொண்டையில் ஓர் அரிப்பு மட்டும் மிஞ்சும். சுண்ணாம்பு குறைந்தால் அந்த இடத்தில் புளிப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.

ஆக, அக்கானியின் சுவையைப் பாதி பனை தருகிறது, பாதியைக் கலயத்துக்குள் சுண்ணாம்பு பூசிய விரல் தருகிறது. மண்ணைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசுகிறவர்கள் நிறைய. அந்த விரலைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

பாளையிலிருந்து சொட்டும் நீர் சொட்டுகிற கணத்திலேயே காற்றில் இருக்கும் ஈஸ்ட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. வெறும் கலயம் கட்டினால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் நீரின் காரத்தன்மை ஏறி, அந்த உயிர்கள் பெருக முடியாமல் அடங்கிக் கிடக்கும். சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புதான் இந்தக் கடற்கரையில் வழக்கம். கலயத்தைக் கழுவி, உட்புறம் முழுவதும் சுண்ணாம்பைத் தேய்த்து, பாளையைச் சீவி, அதன் கீழே கட்டிவிட்டு இறங்க வேண்டும். எவ்வளவு தேய்ப்பது என்பதற்கு அளவுக்கரண்டி கிடையாது. அன்றைய புழுக்கம், கலயத்தின் வயது, அந்தப் பாளை எவ்வளவு ஊறுகிறது, மறுபடி எத்தனை மணிக்கு ஏற முடியும் என்பதையெல்லாம் சேர்த்து, அறுபது எழுபது அடி உயரத்தில், ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு முடிவு செய்வது அது.

ஒருநாள் பட்டையில் முதல் வாய் குடித்ததும் வழவழப்பு வழக்கத்தைவிடத் தூக்கலாக இருந்தது. பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பனையேறி பாட்டாவிடம் கேட்டேன்:

"பாட்டா, இன்னைக்கிச் சுண்ணாம்பு ஒரு பொடி கூடிட்டோ?"

"நேத்து ராத்திரி என்னா புழுக்கம் மக்கா! காத்தே இல்லல்லா. கொறச்சுப் போட்டா விடியதுக்குள்ள புளிச்சிரும். கொஞ்சம் பொறு, தெளியட்டும். பெறவு குடி."

அந்த ஒரு பதிலில் முந்தைய இரவின் வானிலை முழுவதும் இருந்தது. அறையில் படுத்திருந்த எனக்குப் புழுக்கமாக மட்டும் இருந்த இரவு, அவருக்கு ஒவ்வொரு கலயத்துக்கும் தனித்தனிக் கணக்காக இருந்திருக்கிறது. வாடைக்காற்று அடிக்கும் குளிர்ந்த இரவுக்கு மறுநாள் அதே பானையில் வேறோர் அக்கானி இருக்கும். வழவழப்புக் குறைந்து, மணம் மேலெழுந்து, இனிப்பு இன்னும் துல்லியமாக இருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் ஊரில், காற்றின் அளவை நாக்கால் அறிவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

'தெளியட்டும்' என்று அவர் சொன்னது முக்கியமான பாடம். இறக்கிய அக்கானியை அப்படியே ஊற்றிக் குடிப்பது அவசரக்காரர்களின் வழக்கம். பானையில் ஊற்றி அசைக்காமல் வைத்தால், கரையாத சுண்ணாம்பு மெல்ல அடியில் படியும். பிறகு மேலாக இறுத்து, பன்னாடையிலோ துணியிலோ வடித்து, வேறொரு பாத்திரத்தில் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அந்த உயரம் வேடிக்கைக்காக இல்லை. விழும்போது காற்றுப் படுகிறது, அடைந்து கிடந்த சுண்ணாம்பு நெடி விலகுகிறது, அதுவரை அமுங்கியிருந்த பச்சை மணம் வெளியே வருகிறது. காற்றில் இருக்கும் கரியமில வாயு கரைந்திருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்தால் அது சுண்ணக்கல்லாகி அடியில் படியும். ஆனால் அது மெதுவாக நடப்பது. சில சர்க்கரை ஆலைகளில் கரும்புச்சாற்றிலிருந்து சுண்ணாம்பை நீக்க இதே வாயுவைக் குழாயில் செலுத்துகிறார்கள். மரத்தடியில் ஒரு நிமிடம் ஆற்றுவதால் கிடைப்பது பெரும்பாலும் மணத்தின் விடுதலைதான். அதுவே போதுமானது.

பிரான்சின் போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயினைச் சுற்றியும் இதே பேச்சு நூற்றாண்டுகளாக நடக்கிறது. கபர்னே சோவிஞோன், மெர்லோ முதலிய திராட்சைகளைக் கலந்து அங்கே செய்யும் ஒயின் இளமையில் முரடானது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்புப் பொருள் உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், ஈறும் கன்னமும் வறண்டு இழுக்கும். அதைத் தணிக்க அகன்ற அடி கொண்ட கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி, இரண்டு மணி நேரம் காற்றாட வைப்பார்கள். கோப்பையைச் சுழற்றி மணம் எழுப்புவார்கள். ஆனால் அங்கேயே மாற்றுக் கருத்தும் உண்டு. போர்தோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எமில் பெய்னோ (1912–2004), நவீன ஒயின் தயாரிப்பையே மாற்றியமைத்தவர்களில் ஒருவர். ஒயினை நெடுநேரம் காற்றாட வைத்தால் வருகிற மணத்தைவிடப் போகிற மணம்தான் அதிகம் என்பது அவர் கட்சி. அடியில் மண்டி இருந்தால் மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள், அதையும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் செய்யுங்கள் என்று அவர் வற்புறுத்தினார்.

அக்கானி விஷயத்தில் நான் முழுக்கப் பெய்னோவின் பக்கம். மண்டிக்காகத் தெளிய வைக்கலாம், மணத்துக்காக ஒருமுறை ஆற்றலாம். அதற்கு மேல் காற்று பகை. போர்தோ ஒயினுக்குப் பத்து வருடம், இருபது வருடம் காத்திருக்க நேரம் உண்டு. அந்த முரட்டுத் துவர்ப்புதான் அதற்கு ஆயுள் கொடுக்கிறது. அக்கானிக்கு ஆயுள் கொடுப்பது கலயத்தின் உட்புறத்தில் பூசிய வெள்ளைப் பூச்சு. அது தருவது ஒரு காலைப்பொழுது. விடியலில் இறங்கியதை ஏழு மணிக்குக் குடித்தால் ஒன்று, ஒன்பது மணிக்குக் குடித்தால் இன்னொன்று. பதினொரு மணிக்குச் சாலையோரத்தில் கிடைப்பதில் மணம் போய் இனிப்பு மட்டும் நிற்கும். மதியத்துக்கு மேல் குடிக்கிறவர்கள் தாகத்துக்குக் குடிக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அவர்கள் அக்கானியைச் சந்திக்கவில்லை.

பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனையோலையின் இதழ்களைப் பிரிக்காமல், மடிப்புகளைச் சேர்த்துக் குவித்து, இரு முனைகளையும் ஈர்க்கால் அல்லது ஓலைக்கிழிசலால் கட்டினால் படகு வடிவில் ஒரு பாத்திரம் ஆகிவிடும். ஓலையில் இயற்கையாகவே விசிறி மடிப்பு இருப்பதால் உட்புறம் முழுக்க ஓடைகள். ஊற்றியது எல்லா ஓடைகளிலும் பிரிந்து நிற்கும். இரு கைகளாலும் தாங்கி, முனையை உதட்டில் வைத்துச் சாய்த்தால், அத்தனை ஓடைகளும் ஒரே வாய்க்காலாகக் கூடி வரும். எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுதான் வரும். மொடக்மொடக்கென்று குடிக்க அது விடாது. வருகிற வழியிலேயே கொஞ்சம் காற்றும் பட்டுவிடுகிறது. பச்சை ஓலையின் மணம் மூக்கின் கீழேயே இருப்பதால், அக்கானியின் பச்சை மணம் அதோடு சேர்ந்து இரட்டிப்பாகும். எவர்சில்வர் தம்ளரில் இந்த மணம் பாதியாகிவிடும். பிளாஸ்டிக் கோப்பையில் அதுவும் இல்லை. ஒயினுக்கு எந்த வடிவக் கோப்பை என்று ஆராய்ந்து வடிவமைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த ஊரில் அந்த வேலையை மரமே செய்து கொடுத்துவிட்டது.

பனிக்கட்டி போடக் கூடாது. இதை நான் பிடிவாதமாகவே சொல்வேன். குளிர் முதலில் கொல்வது மணத்தை, அடுத்து அந்த இரண்டாவது இனிப்பை. மண்பானையில் கசிந்து ஆறிய குளிர்ச்சி ஒன்றே அக்கானிக்குப் பொருத்தம். இன்னொரு காரணமும் உண்டு: பனிக்கட்டி கலப்படத்தை மறைக்கும். தண்ணீரும் சாக்கரினும் சுண்ணாம்பும் கலந்து பதநீர் என்று விற்கிறவர்கள் நகரங்களில் உண்டு. அதன் இனிப்பு நாக்கில் பட்டவுடன் முழுதாக வந்து, விழுங்கிய பிறகும் போகாமல் ஒரு கசப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். அக்கானியின் இனிப்பு போய்விட்டுத் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தைப் போலியாகச் செய்ய முடியாது.

மாங்காய்க் காலத்தில் பட்டைக்குள் மாங்காயை மெல்லிசாகச் சீவிப் போடுவார்கள். இதன் நயத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். மாங்காயின் புளிப்பு சுண்ணாம்பின் காரத்தைச் சந்தித்து அணைக்கிறது. ஆனால் பட்டை முழுவதும் ஒரே சமயத்தில் அது நடப்பதில்லை. துண்டு மிதக்கும் இடத்தில் அக்கானி கூர்மையாகவும், விலகிய இடத்தில் வழவழப்பாகவும் இருக்கும். ஒரே பட்டையில் ஒவ்வொரு வாயும் வேறு. கடைசியில் அடியில் கிடக்கும் மாங்காயைக் கடித்தால், வெளிப்புறம் புளிப்பு தணிந்து இனிப்பேறி, உள்ளே மட்டும் பழைய புளிப்பு அப்படியே இருக்கும். சுண்ணாம்பு சற்றுக் கூடிய நாளில் ஒரு துண்டு அதிகம் போடுவார் விற்கிறவர். கேட்காமலே போடுவார்.

நுங்கு போட்டுக் குடிப்பது வேறு வகை. அங்கே சுவைக்கு வேலையில்லை, பல்லுக்கும் நாக்குக்கும்தான் வேலை. நுங்கு தனியாகப் பெரிய சுவை உடையதன்று. அக்கானியில் மிதக்கும்போது அதன் வழுக்கலும் உள்ளிருக்கும் நீரும் அக்கானியின் சுவையைச் சற்றே நீர்க்கச் செய்து, குடிப்பதைச் சாப்பிடுவதாக மாற்றுகின்றன. யோசித்தால் ஒரு விசித்திரம் தெரியும். அக்கானிக்காகச் சீவிய பாளையில் நுங்கு காய்க்காது. பட்டையில் சேர்ந்திருக்கும் இரண்டும் வெவ்வேறு பாளையில், பெரும்பாலும் வெவ்வேறு பனையில் இருந்து வந்தவை. பெண்பனையின் ஒரு பூங்கொத்து நீராகவோ காயாகவோ ஏதேனும் ஒன்றாகத்தான் முடியும். அதைத் தீர்மானிப்பவர் பனையேறி.

அவர் செய்வது சீவுவதோடு முடிவதில்லை. ஆண்பனையின் பாளையில் விரல் விரலாகப் பிரிந்திருக்கும் கதிர்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பெண்பனையில் பிஞ்சு தாங்கிய பாளையைப் பக்குவப்படுத்த வேண்டும். கடிப்பு என்னும் மரக்கருவியால் நாள்தோறும் இதமாக நசுக்கிக் கொடுக்க வேண்டும். நசுக்கியது கூடினால் பாளை அழுகும், குறைந்தால் நீர் ஊறாது. சில நாள் பழக்கிய பிறகுதான் நுனியைச் சீவுவது. அந்தச் சீவல் ஊடே வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்கும். அது தடித்துப்போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரு பாளையை வாரக்கணக்கில் ஓட்டுவது அரிவாளின் கூர்மையில் இருக்கிறது. அதனால்தான் பனையேறிகள் பாளையருவாளை இன்னொருவர் கையில் கொடுப்பதில்லை. இடுப்பில் அருவாப்பெட்டி, காலில் தளைநார், தோளில் முருக்குத்தடி. முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து அதில் கால் வைத்து எட்டும் உயரம் வரை ஏறி, பிறகு தளையிட்ட காலால் மரத்தைப் பற்றிப் பற்றி மேலே போக வேண்டும். ஒருநாளில் முப்பது நாற்பது பனை, காலையும் மாலையும். விழுந்தால் பிழைப்பது அரிது. ஊருக்கு ஊர் விழுந்தவர்களின் வீடுகள் இருக்கின்றன.

இந்த மண்ணில் அந்த உழைப்பின் மேல் வரியும் இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் பனையேறும் மக்களிடம் ஏணிக்காணம், தளைக்காணம் என்று ஏணிக்கும் காலில் மாட்டும் நாருக்கும் கூடத் தனித்தனியே வாங்கினார்கள். கொட்டாரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் சாமிதோப்பில் ஐயா வைகுண்டர் (1809–1851) எழுப்பிய குரலுக்குப் பின்னால் இந்த வரிச்சுமை இருந்தது. பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடிக்கிற வழக்கத்தில் ஒரு மரியாதை தானாக வந்து சேர்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

பனை 1978-இல் தமிழ்நாட்டின் மாநில மரமானது. கள் 1987 முதல் மாநிலத்தில் தடை. ஆகவே இன்றைய பனையேறிக்குச் சுண்ணாம்பு சுவைக் கணக்கு மட்டுமில்லை, சட்டக் கணக்கும் கூட. அதே நீர், அதே பாளை, அதே கலயம். உள்ளே பூச்சு இருந்தால் அக்கானி, இல்லாவிட்டால் குற்றம். விடிவதற்குள் புளித்துவிடக் கூடாது என்ற அச்சத்தில் ஒரு விரல் கூடவே பூசுகிறார்கள். அதன் விலையை நம் தொண்டை கொடுக்கிறது. இந்தத் தடை சரியா என்ற வாதம் நெடியது. சுவை நோக்கில் எனக்குச் சொல்ல ஒன்றுண்டு: அச்சமில்லாமல் சுண்ணாம்பு பூசிய கலயத்தின் அக்கானி எப்படி இருக்கும் என்பதை இந்தத் தலைமுறை அதிகம் அறியாது.

விற்றது போக மிஞ்சியது அடுப்புக்குப் போகும். இது வீட்டுப் பெண்களின் கலை. ஓலையையும் மட்டையையும் எரித்து, அகன்ற பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். பொங்கி வழியப் போகும் சமயத்தில் ஆமணக்கு முத்து ஒன்றிரண்டை நசுக்கிப் போட்டால் நுரை அப்படியே அமுங்கும். அதிலிருக்கும் எண்ணெய் செய்யும் வேலை. பாதிக்கும் மேல் வற்றிப் பாகாக நிற்கும் நிலை கூப்பனி. கொட்டாரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த நிலைதான் பிரியம். ஓலைத்துண்டில் வழித்து ஆறவிட்டு நக்கினால், அக்கானியில் இருந்த பச்சை மணம் முற்றிலும் போய், வறுத்த மணம் வந்திருக்கும். மேலும் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் துடுப்பால் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். இறுகியதும் கவிழ்த்தால் கருப்பட்டி.

கருப்பட்டியையும் சுவை பார்க்க முறை இருக்கிறது. முழுதாகக் கடிக்காமல், உடைத்த இடத்தின் உட்புறத்தை நகத்தால் கீறி நாக்கில் வைக்க வேண்டும். உடைந்த முகத்தில் சின்னச் சின்ன மணிகள் மினுங்கினால் நல்ல கருப்பட்டி. வாயில் கரையும்போது முதலில் லேசான கரிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் புகை. பழைய வீடுகளில் இதை ஓலைப்பெட்டியிலோ பானையிலோ போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைத்திருப்பார்கள். மழைக்காலத்து ஈரத்தில் கருப்பட்டி இளகாமல் காப்பது அடுப்புப் புகைதான். மாதங்கள் போகப்போகக் கறுத்து, மேல்தோல் இறுகி, காரசாரமான ஒரு மணம் சேரும். அக்கானிக்குக் கிடைக்காத ஆயுளை இங்கே அடைந்துவிடுகிறது. சுக்குக்காப்பிக்கு இந்தப் பழங்கருப்பட்டியைத்தான் தட்டிப் போட வேண்டும். புதுக்கருப்பட்டியில் சுக்கின் உறைப்பு துருத்திக்கொண்டு நிற்கும், பழையதில் கரைந்து போகும்.

அந்த விரலின் கணக்கு இங்கும் விடாது. சுண்ணாம்பு குறைந்த அக்கானியில் சர்க்கரை உடைந்துவிடும். என்ன காய்ச்சினாலும் மணி பிடிக்காது. கருப்பட்டி கையில் பிசுபிசுக்கும், மழை வந்ததும் ஒழுகும். சுண்ணாம்பு கூடியதில் நிறம் அளவுக்கு மீறிக் கறுத்து, கரிப்பு இனிப்பை மீறி நிற்கும். கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை செய்யக் கருப்பட்டி சீவும் அம்மைமார் அரிவாள்மணையில் முதல் சீவல் விழுந்ததுமே அதைக் கண்டுகொள்வார்கள். சித்திரையில் எந்த வாரம் காற்று இல்லாமல் புழுங்கியது, எந்த விளையில் யார் பனை ஏறினார் என்பது வரை சொல்லிவிட்டு, பொடியாகிப்போகும் கருப்பட்டியைக் காப்பிக்கு ஒதுக்கி வைத்து, மணி மினுங்குவதை மாவுக்கு எடுத்துக்கொள்வார்கள்.